முதல் இடம் விலைக்குக் கிடைக்குமா?

பூக்கடைக்கு விளம்பரம் தேவை இல்லை என்பார்கள். பூ இருக்கும் இடத்தை வாசனையே சொல்லிவிடும்.

உண்மைதான். தெருவில் பூ மணக்கும். செல்போனில் மணக்குமா?

மணக்காது!

இன்று பலர் கடை தேடித் தெருத் தெருவாக அலைவது இல்லை. செல்போனை எடுக்கிறார்கள். கூகுளில் தேடுகிறார்கள். வருகிற பட்டியலில் முதல் நாலைந்து பெயர்களைப் பார்க்கிறார்கள். அதோடு சரி. இருபதாவது பெயர் வரை போகிறவர்கள் அபூர்வம்.

ஆகவே, சிறு கடைக்காரர்களுக்கு ஒரு கவலை. "நம் கடை முதலில் வர வேண்டுமே! அதற்கு என்ன வழி?" என்று தவிக்கிறார்கள்.

இந்தத் தவிப்பை வைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. "பணம் கொடு, முதல் இடம் வாங்கித் தருகிறேன்" என்பதுதான் அந்த வியாபாரம்.

அதை நம்பாதீர்கள். முதல் இடம் விலைக்குக் கிடைக்காது. ஏன்? சொல்கிறேன், கேளுங்கள்.

பாய்க்கடை அம்மாள்

எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள். ஊர், திருநெல்வேலிப் பக்கம். பத்தமடைப் பாய் விற்கிறார்.

பத்தமடைப் பாய் உங்களுக்குத் தெரிந்து இருக்கும். கோரைப் புல்லைக் கீறி, தண்ணீரில் ஊற வைத்து, காய வைத்து, சாயம் ஏற்றி நெய்வார்கள். மெல்லிய ரகம் துணி போல மடியும். கல்யாணத்துக்கு என்றால், மணமக்கள் பெயரையும் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள்.

அந்த அம்மாளின் கணவர் இறந்துவிட்டார். கடையை இவர்தான் நடத்துகிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். மகன் பள்ளிக்கூடம் போகிறான். பாய் நெய்கிற ஆறு குடும்பங்களும் இவருடைய கடையை நம்பி இருக்கின்றன.

கடைக்கு ஓர் இணையதளம் தொடங்கினார்கள். தளம் வந்தது. ஆர்டர் வரவில்லை.

ஒரு நாள் போன் மணி அடித்தது.

"மேடம்! பத்தே நாளில் உங்கள் கடையைக் கூகுளில் முதல் இடத்துக்குக் கொண்டு வருகிறோம். கியாரண்டி! கூகுளில் எங்களுக்கு ஆள் இருக்கிறது" என்றது ஒரு குரல்.

"எவ்வளவு ஆகும், தம்பி?"

"முப்பதாயிரம்தான்."

அந்த அம்மாள் கை வளையல் ஒன்றைக் கழற்றினார். அடகுக் கடைக்குப் போனார். பணத்தை அனுப்பினார்.

பத்தாவது நாள் மறுபடியும் போன் வந்தது. "மேடம்! உங்கள் கடைப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்."

தேடினார். ஆகா! முதல் இடத்தில் அவருடைய கடை!

ஒரு மாதம் போயிற்று. ஓர் ஆர்டர்கூட வரவில்லை. அந்தப் போனுக்குக் கூப்பிட்டார். எடுக்க ஆள் இல்லை.

"அண்ணாச்சி! முதல் இடம் வந்துவிட்டதே. அப்புறம் ஏன் ஒருத்தரும் வரவில்லை?" என்று என்னிடம் கேட்டார். அவர் கண்ணில் நீர்.

சூது எங்கே?

அந்தக் கடையின் பெயரில் வேறு கடை கிடையாது. அந்தப் பெயரைத் தேடினால் அந்தக் கடைதானே வரும்? அதற்கு எதற்கு முப்பதாயிரம்?

கடையின் பெயர் தெரிந்தவர், பழைய வாடிக்கைக்காரர். புதியவருக்குப் பெயர் எப்படித் தெரியும்? அவர், "பெயர் போட்ட கல்யாணப் பாய் எங்கே கிடைக்கும்?" என்றுதான் தேடுவார்.

அப்படியே தேடிப் பார்த்தோம். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாம் பக்கத்தில் இல்லை. மூன்றாம் பக்கத்திலும் அந்த அம்மாள் கடையைக் காணோம்!

யாரும் தேடாத சொல்லுக்கு முதல் இடம். எல்லோரும் தேடுகிற சொல்லுக்கு இடமே இல்லை. இதுதான் சூது.

கூகுள் எப்படி வரிசை போடுகிறது?

1998-ம் ஆண்டு அமெரிக்காவில் லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரண்டு மாணவர்கள் கூகுள் கம்பெனியைத் தொடங்கினார்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள்.

அவர்களுடைய யோசனை மிக எளியது.

ஊருக்குப் புதிதாக வருகிறோம். குழந்தைக்குக் காய்ச்சல். நல்ல டாக்டர் யார் என்று நாலு பேரைக் கேட்கிறோம். பலரும் சொல்லுகிற டாக்டரிடம் போகிறோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னால் அதற்கு மதிப்பு அதிகம்.

இணையதளத்துக்கும் இப்படித்தான். ஒரு தளத்தைப் பற்றி இன்னொரு தளம் எழுதி, "அங்கே போய்ப் பாருங்கள்" என்று இணைப்புக் கொடுத்தால், அது ஓர் ஓட்டு. நல்ல பெயர் எடுத்த தளம் கொடுத்தால், அந்த ஓட்டுக்கு எடை அதிகம்.

இன்று கூகுள் இதை மட்டும் பார்ப்பது இல்லை. இன்னும் எத்தனையோ பார்க்கிறது. ஆனாலும் வேலை மூன்றுதான்.

முதலில், அதன் கம்ப்யூட்டர்கள் தளம் தளமாகப் போய்ப் படிக்கின்றன. இரண்டாவது, படித்ததைப் பேரேட்டில் பதிவது போலப் பதிந்து வைக்கின்றன. மூன்றாவது, நாம் ஒன்றைத் தேடும்போது, அதற்குப் பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்திக் காட்டுகின்றன.

இந்த வரிசையில் முன்னே வர, கூகுள் பணம் வாங்குவது இல்லை. அதை அந்தக் கம்பெனியே சொல்லி இருக்கிறது. "முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது" என்றும் சொல்லி இருக்கிறது.

"பணம் கட்டினால் மேலே வரும் என்கிறார்களே?" என்று கேட்பீர்கள். அது விளம்பரம். அதன் மேலே விளம்பரம் என்ற அடையாளம் போட்டு இருக்கும். பணம் கட்டுகிற வரையில் தெரியும். பணம் நின்றால் அதுவும் நின்றுவிடும். விளம்பரம் வேறு, வரிசை வேறு.

கள்ள ஓட்டு

ஓட்டு என்று ஒன்று இருந்தால் கள்ள ஓட்டும் இருக்குமே!

ஆம். இங்கேயும் உண்டு. காசு வாங்கிக்கொண்டு இணைப்புக் கொடுக்கிற தளங்கள் இருக்கின்றன. அடுத்தவர் எழுதியதைத் திருடிப் போடுகிற தளங்கள் இருக்கின்றன. இவற்றைப் பிடிக்கக் கூகுள் 2011-ம் ஆண்டிலும் 2012-ம் ஆண்டிலும் பெரிய மாற்றங்களைச் செய்தது. பல தளங்கள் சரிந்தன.

பெரிய கம்பெனிகளே தப்பவில்லை.

ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. என்ற கார் கம்பெனி. உலகப் புகழ் பெற்றது. அதன் ஜெர்மன் தளம், கூகுளுக்கு ஒரு பக்கத்தையும், பார்க்க வருகிறவர்களுக்கு வேறு பக்கத்தையும் காட்டியது. 2006-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் கூகுள் அந்தத் தளத்தைப் பட்டியலில் இருந்தே தூக்கிவிட்டது. தப்பைத் திருத்திய பிறகுதான் திரும்பச் சேர்த்தது.

அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்ற பெரிய ஜவுளி வியாபாரக் கம்பெனி. அதற்கு ஏராளமான தளங்களில் கள்ள இணைப்புகள் இருந்தன. 2011-ம் ஆண்டு "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை இதை வெளியிட்டது. கூகுள் கம்பெனியைக் கீழே தள்ளியது. "எங்களுக்குத் தெரியாது" என்றது கம்பெனி. இந்த வேலையைக் கவனித்த நிறுவனத்தையும் விலக்கியது. ஆனால் கீழே போனது யார்? கம்பெனிதான்!

இதைக் கவனியுங்கள். ஏஜெண்டு செய்கிற தப்புக்குத் தண்டனை கடைக்காரருக்கு. கோடீசுவரக் கம்பெனி தாங்கிக்கொள்ளும். பாய்க்கடை தாங்குமா?

மகள் செய்த வேலை

"போன பணம் போகட்டும். இனி நாமே செய்வோம், அம்மா" என்றாள் மகள்.

முதல் வேலையாகத் தளத்தின் பாஸ்வேர்டை மாற்றினாள். அது அந்த ஆளின் கையில் இருந்தது! வீட்டுச் சாவியை அயலான் கையில் கொடுப்போமா?

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினாள். கடைக்கு வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை ஒரு வாரம் எழுதினாள்.

"கல்யாணப் பாய் என்ன விலை?"

"பெயர் போட எத்தனை நாள் ஆகும்?"

"தண்ணீர் பட்டால் சாயம் போகுமா?"

"எப்படிச் சுத்தம் செய்வது?"

"வெளியூருக்கு அனுப்புவீர்களா?"

பழைய தளத்தில் இதற்கெல்லாம் பதில் இல்லை. "உலகத் தரம் வாய்ந்த சேவை" என்று இருந்தது. அதை யார் தேடுகிறார்கள்? எவரும் இல்லை!

மகள் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதினாள். அம்மா சொல்லச் சொல்ல, அப்படியே எழுதினாள். எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம், என்ன விலை, எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் எழுதினாள்.

முன்பு விலைப் பட்டியல் ஒரு படமாக இருந்தது. படத்துக்குள் இருக்கிற எழுத்தைவிட, எழுத்தாகவே இருப்பதைத்தான் கம்ப்யூட்டர் சரியாகப் படிக்கும். ஆகவே பட்டியலை எழுத்தாக மாற்றினாள். ஒவ்வொரு படத்துக்கும், அது என்ன படம் என்று ஒரு வரி சேர்த்தாள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு வேண்டும். முன்பு எல்லாப் பக்கத்துக்கும் கடைப் பெயர் மட்டும்தான் தலைப்பு. இப்போது, "மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைக் கல்யாணப் பாய்: விலையும் அளவும்" என்று வைத்தாள். தலைப்பைப் பார்த்தாலே உள்ளே இருப்பது தெரிகிறது.

தமிழில் ஒரு பக்கம். அதையே ஆங்கிலத்திலும் ஒரு பக்கம். இரண்டிலும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2017-ம் ஆண்டில் இருந்து கூகுளிடம் தமிழில் வாயால் சொல்லியே தேடலாம். எழுதத் தெரியாத பாட்டியும் தேடலாம்! ஆகையால், மக்கள் பேசுகிற சொல்லையே எழுத வேண்டும்.

"பாய், பாய், பாய்" என்று நூறு தடவை எழுதினால் மேலே வருமா? வராது. அது பழைய தந்திரம். தளத்துக்குள் யாருக்கும் தெரியாமல் சொற்களை அடுக்கி வைப்பதும் உண்டு. அந்தச் சொற்பட்டியலை வரிசைக்குப் பயன்படுத்துவது இல்லை என்று 2009-ம் ஆண்டிலேயே கூகுள் அறிவித்துவிட்டது. இன்றும் சிலர் அதற்குக் காசு வாங்குகிறார்கள்!

செல்போனும் கடை முகவரியும்

கூகுள் இப்போது ஒரு தளத்தைச் செல்போனில் எப்படித் தெரிகிறதோ, அதை வைத்துத்தான் படித்துப் பதிகிறது. அந்த அம்மாளின் தளத்தில் ஒவ்வொரு படமும் மலை போலப் பெரிது. செல்போனில் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். மகள் படங்களைச் சிறிதாக்கினாள். தளம் சட்டென்று திறந்தது.

அடுத்தது, கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவது. இதற்குக் கட்டணம் இல்லை. முகவரி, போன் எண், கடை திறக்கும் நேரம், விடுமுறை நாள், கடையின் படம் எல்லாம் கொடுக்கலாம்.

பக்கத்துக் கடைகளைக் காட்டும்போது கூகுள் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. தேடுகிறவர் கேட்பதற்கும் கடைக்கும் பொருத்தம் இருக்கிறதா? கடை எவ்வளவு தூரம்? கடைக்கு என்ன பெயர்? தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில்.

பெயர் எப்படி வரும்? பாய் வாங்கியவர்களிடம், "பிடித்து இருந்தால் நாலு வரி எழுதுங்கள்" என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டார். சிலர் எழுதினார்கள். ஒருவர் குறையும் எழுதினார். "சொன்ன தேதிக்குப் பாய் வரவில்லை" என்று எழுதினார். அம்மாள் அதை மறைக்கவில்லை. "மழையால் கோரை காயவில்லை. மன்னிக்கவும்" என்று பதில் போட்டார். அந்தப் பதிலைப் பார்த்தே ஒருவர் ஆர்டர் கொடுத்தார்!

காசு கொடுத்துப் பாராட்டு எழுத வைக்காதீர்கள். அதுவும் கள்ள ஓட்டுதான்.

முதல் இடம் வந்ததா?

நாலு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மகளுக்கே சலிப்பு வந்துவிட்டது.

இது வழக்கம்தான். இந்த வேலைக்கு ஆள் வைத்தால்கூட, பலன் தெரிய நாலு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை ஆகும் என்று கூகுளே சொல்லுகிறது. பத்து நாள் என்பது பித்தலாட்டம்.

ஐந்தாம் மாதம் மதுரையில் இருந்து ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. பிறகு சென்னையில் இருந்து ஒன்று. "எங்களை எப்படித் தெரியும்?" என்று அம்மாள் கேட்டார். "கூகுளில் பார்த்தோம்" என்றார்கள்.

வெறுமனே "பாய்" என்று தேடினால், இன்றும் அந்தக் கடை முதலில் வராது. அங்கே பெரிய வியாபாரிகள் இருக்கிறார்கள். ஆனால், பெயர் போட்ட கல்யாணப் பாயைத் தேடினால் முதல் பக்கத்தில் வருகிறது. சிறு கடைக்கு அது போதும். சந்தை முழுவதையும் பிடிக்க வேண்டியது இல்லை. நம் சரக்கைத் தேடுகிறவர் நம்மைக் கண்டுபிடித்தால் சரி.

இந்த நிலையும் நிரந்தரம் அல்ல. கூகுள் அடிக்கடி முறையை மாற்றும். 2024-ம் ஆண்டில் இருந்து நம் நாட்டிலும், சில கேள்விகளுக்குக் கம்ப்யூட்டரே பதிலைத் தொகுத்து மேலே காட்டுகிறது. தளத்துக்குள் வராமலே சிலர் போய்விடக்கூடும். ஆனாலும், விலையும் அளவும் தெளிவாக எழுதி வைத்தவருக்கு எந்த மாற்றத்திலும் நட்டம் குறைவு.

ஆள் வைப்பது தப்பா?

இல்லை. இந்த வேலையை நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நாணயமாக உழைக்கிறார்கள். கடையில் ஒரு நிமிடம் ஓய்வு இல்லாதவர்கள் அவர்களை அமர்த்திக்கொள்ளலாம். பணம் கொடுக்கும் முன்பு நாலு கேள்வி கேளுங்கள்.

எந்தச் சொல்லைத் தேடினால் என் கடை வரும்? அந்தச் சொல்லை மக்கள் தேடுகிறார்களா?

என்ன வேலை செய்யப் போகிறீர்கள்? எழுதிக் கொடுப்பீர்களா?

இணைப்புகளை விலைக்கு வாங்குவீர்களா?

தளத்தின் பெயரும் பாஸ்வேர்டும் என் பெயரில், என் கையில் இருக்குமா?

நாணயமானவர் நின்று பதில் சொல்லுவார். மற்றவர் போனை வைத்துவிடுவார். பணத்தைக் கொடுத்து ஏமாந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். அது இன்டர்நெட் பண மோசடிகளைப் பற்றிப் புகார் செய்யும் எண். தாமதம் செய்யச் செய்யப் பணம் கைமாறிப் போய்விடும். பாய்க்கடை அம்மாள் வெட்கப்பட்டு ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டார்.

வெட்கம் ஏமாந்தவருக்கு எதற்கு? ஏமாற்றியவனுக்கு அல்லவா வேண்டும்!

வியாபாரிகள் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடுகிறீர்கள். மேடை போடுகிறீர்கள். நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்காரர்களின் மகன்களையும் மகள்களையும் கூப்பிட்டு, இந்த வேலையைக் கற்றுக் கொடுங்கள். ஒரு பகல் போதும். எத்தனையோ வளையல்கள் அடகுக் கடைக்குப் போகாமல் தப்பும்.

போன வாரம் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். தை மாதக் கல்யாணங்களுக்கு ஒன்பது பாய் ஆர்டர் வந்திருக்கிறது. நெசவுக்காரப் பெண்கள் வந்து பெயர்ப் பட்டியலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அம்மாளின் ஒரு கையில் வளையல் இருந்தது. இன்னொரு கை வெறுமையாக இருந்தது.

நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"தைக்குள் மீட்டுவிடுவேன், அண்ணாச்சி!" என்றார்.